மீனம்பாக்கப் புணரியல்

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் காணையைத் தாண்டினால் கெடார். அவ்வூரிலிருந்து ஒருவர் துபாய்க்குக் கிளம்புகிறார் என்று கொள்வோம். மீனம்பாக்கத்திலிருந்து துபாய் வரைக்கும் அவருக்குக் கவலையில்லை, விமானக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். கெடாரிலிருந்து மீனம்பாக்கம் வரைக்கும் உள்ள பகுதிக்குத்தான் இலக்கணம் எதுவும் இதுவரை செய்யப்படவில்லை. ஆகவே இச்சிறுநூல்.

பாயிரம் சொல்லாமல் நூல் சொல்லக்கூடாது. எல்லை: மேற்கே கெடார், வடக்கே திரிசூலம். வழி: ஜி.எஸ்.டி. சாலையும் அதன் பக்கத்துத் தண்டவாளமும். யாப்பு: நைலான் கயிறு, அட்டைப்பெட்டியைச் சுற்றி இரண்டு வரி. நுதலிய பொருள்: குறைந்த காசில் விமான நிலையம் சேர்தல். கேட்போர்: சொந்தக் கார் இல்லாதவர்.

செல்வோர் இரு வகையர்: தனித்துச் செல்வோர், சுற்றம் சூழச் செல்வோர். பின்னவருக்கு இந்நூல் பயன்படாது. “புள்ள மொதமொதல்ல ஃபாரின் போவுது, பஸ்ஸுலயா அனுப்புவீங்க?” என்று தாய்மாமன் கேட்ட மாத்திரத்தில் வாசலில் வாடகை வேன் நிற்கும். போகிறவர் ஒருவர், வழியனுப்புவோர் பன்னிருவர். விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என மூன்று சுங்கச்சாவடிகளுக்கும் போகவர அழ வேண்டும். இதைச் செலவு என்னாது மரியாதை என்பர் ஒரு சாரார். அவர்களோடு வாதிட இந்நூலாசிரியருக்குத் துணிவில்லை. அந்த மாமன்தான் பெரும்பாலும் டிக்கெட்டுக்குக் கடன் கொடுத்தவர்.

இனித் தனித்துச் செல்வார்க்கு இலக்கணம். நிலைமொழியும் வருமொழியும் சேர்வது புணர்ச்சி என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. பயணத்தில் அவை நிலைவண்டி, வருவண்டி எனப்படும். நாம் இறங்கியது நிலைவண்டி, ஏறப்போவது வருவண்டி. எந்த வண்டியின் கட்டணமும் பையைக் கடிப்பதில்லை, இரண்டு வண்டி சேரும் இடத்தில்தான் பணம் கரைகிறது என்பதே இந்நூலின் முதல் சூத்திரம்.

இயல்புப் புணர்ச்சி என்பது காசு, அலைச்சல் எதுவும் கூடாமல் வண்டி மாறுவது. இதற்குத் தாம்பரம் ரயில் நிலையமே தலைசிறந்த காட்டு. விழுப்புரம்–தாம்பரம் மெமுவிலோ, எழும்பூர் போகும் புதுச்சேரி மெமுவிலோ வந்து இறங்குகிறோம். படியேறி வேறு நடைமேடைக்குப் போனால் கடற்கரை போகும் மின்ரயில். தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே 1931 முதல் மின்ரயில் ஓடுகிறது. சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். ஐந்து ரூபாய் டிக்கெட். நிலையத்தை விட்டு வெளியே வந்து ஜி.எஸ்.டி. சாலையின் அடியில் சுரங்கப்பாதையில் நடந்தால் எதிரே விமான நிலையம். லண்டன் ஹீத்ரோவுக்கு 1977-லும் சிங்கப்பூர் சாங்கிக்கு 2002-லும்தான் ரயிலைத் தேடிக் கொண்டுபோனார்கள். நமக்கு அது வாசலெதிரே கிடக்கிறது. அதை வைத்துக்கொண்டு டாக்சிக்கு அலைகிறோம்.

இங்கே ஒரு வழு காக்க. விமான நிலையம் மீனம்பாக்கத்தில் இருப்பதாகச் சொல்வதால் மீனம்பாக்கம் ரயில் நிலையத்தில் இறங்குவாரும் உளர். அது திரிசூலத்துக்கு அடுத்த நிலையம். பெட்டியோடு பின்னோக்கி நடக்க வேண்டிவரும். உலக வழக்கு மீனம்பாக்கம் என்னும், ரயில் வழக்கு திரிசூலம் என்னும். டிக்கெட் எடுக்கும்போது ரயில் வழக்கே கொள்க.

விகாரப் புணர்ச்சி மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல்.

தோன்றலாவது, இரண்டு வண்டிக்கு நடுவே மூன்றாவதாக ஆட்டோ ஒன்று தோன்றுவது. விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்துக்கும் ரயில் சந்திப்புக்கும் இடையில் இது நிகழும். இங்கே ஆட்டோவுக்குக் கொடுப்பதும் தாம்பரம் வரை ரயிலுக்குக் கொடுப்பதும் தராசில் ஏறக்குறைய சமமாக நிற்கும், சில நேரம் ஆட்டோத் தட்டு தாழும். டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் இந்த விகாரத்தைத் தவிர்க்கலாம்.

திரிதல்தான் விரித்துரைக்கத் தக்கது. சென்னைப் பேருந்து பாரிமுனைக்குப் போன காலத்தில் ஜி.எஸ்.டி. சாலை வழியே விமான நிலையத்தைத் தொட்டுக்கொண்டு போயிற்று. கண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் விசில் ஊதி இறக்கிவிடுவார். 2002-இல் கோயம்பேடு பேருந்து நிலையம் வந்தது, பின்னர் புறவழிச்சாலையும் வந்தது, வண்டிகள் தாம்பரத்தோடு இடப்பக்கம் திரும்பத் தொடங்கின. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு தெற்கிலிருந்து வரும் வண்டிகளில் பெரும்பாலானவை அங்கேயே நின்றுவிடுகின்றன. பலகையில் ‘சென்னை’ என்று எழுதியிருக்கும், வண்டி கிளாம்பாக்கமாகத் திரிந்து முடியும். அங்கிருந்து விமான நிலையம் இன்னும் சுமார் 15 கிலோமீட்டர். பேருந்து நிலையமோ பெரிது, ஆகவே தூக்குவோருக்கு முப்பது கிலோ பெட்டி நாற்பதாகத் தோன்றும். மாநகரப் பேருந்து உண்டு. பெட்டியோடு ஏறினால் லக்கேஜ் டிக்கெட் உண்டு, பக்கத்தில் நிற்பவரின் முறைப்பும் உண்டு, அதற்குக் கட்டணமில்லை. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ நீளும் என்பது எதிர்காலப் பெயரெச்சம். 2016 முதல் விமான நிலையத்தில் நிற்கும் மெட்ரோ நகரத்துக்குள்ளிருந்து வருவோர்க்கே ஆகும், கெடார்க்காரருக்கு அது எதிர்த்திசை.

பெண்பாலார்க்கு ஒரு சிறப்பு விதி. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் அவர்களுக்கு டிக்கெட் இலவசம். கெடாரில் டவுன் பஸ் ஏறி, விழுப்புரத்தில் மெமு பிடித்து, தாம்பரத்தில் மாறும் ஒரு செவிலியர் ஒரு மசால் தோசை விலைக்குள் விமான நிலைய வாசலில் நிற்க முடியும். உள்ளே போய்க் காபி குடிக்காமலிருந்தால் கணக்கு கெடாது.

கெடுதலாவது, வருவண்டி வராமற்போவது. இது இடத்தால் அன்று, காலத்தால் வருவது. வளைகுடா விமானங்களில் பல நள்ளிரவு தாண்டியும் விடியலுக்கு முன்பும் கிளம்புகின்றன. மலிவு வண்டிகளோ அந்நேரம் உறங்கிவிடும். மின்ரயில் நள்ளிரவோடு அடங்கும், மெட்ரோ அதற்கும் முன்னால். ஆகவே அறிந்தோர் மாலை ரயிலிலேயே வந்து, கட்டுச்சோற்றைப் பிரித்து, விமான நிலைய நாற்காலியில் பாதி ராத்திரியைக் கழிப்பர். காசு மிச்சம், தூக்கம் செலவு.

புறனடை: மீனம்பாக்கமே கதி என்றில்லை. புதுச்சேரி லாசுப்பேட்டை விமான நிலையம் விழுப்புரத்துக்குப் பக்கம், 2024 டிசம்பரில் இண்டிகோ அங்கிருந்து பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் பறக்கத் தொடங்கியது. பெங்களூரில் வேலை பார்ப்பவருக்கு ஆகும், துபாய்க்காரருக்கு ஆகாது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு போவோர் திருச்சியை எண்ணிப் பார்க்கலாம். விழுப்புரத்திலிருந்து நேர் ரயில், சந்திப்பிலிருந்து நகரப் பேருந்து, புதுக்கோட்டைச் சாலையிலேயே விமான நிலையம். பரந்தூர் விமான நிலையம் இன்னும் கட்டப்படாமையின் அதற்கு விதி கூறவில்லை.

பெங்களூரில் ‘வாயு வஜ்ரா’ என்று விமான நிலையத்துக்கென்றே பேருந்து விடுகிறார்கள், மைசூருக்கு ‘ஃப்ளை பஸ்’ போகிறது. நம் விழுப்புரமோ ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கே தலைமையிடம். அக்கழகத்தாருக்கு இந்நூலாசிரியரின் விண்ணப்பம்: மாலை ஏழு மணிக்கு ஒரு வண்டி, திண்டிவனத்தில் நின்று, பெட்டி வைக்க இடம் விட்டு, கிளாம்பாக்கத்தில் திரிந்துவிடாமல், மீனம்பாக்கம் சர்வதேச முனையத்தின் வாசல் வரைக்கும் போகட்டும். டிக்கெட் நூற்றைம்பது வைத்தாலும் கொடுப்போம்.