சுவரு சொரண்டியும் சுவரொட்டியும்

ஏண்டி பேத்திக் கண்ணு, அன்னிக்கி ரத்ததானம் பண்றேன்னு பவுடரு பூசிக்கினு கெளம்புனவ, பத்து மணிக்கெல்லாம் திரும்பி வந்துட்டியே? விரலைக் குத்திப் பாத்துட்டு, ஹீமோகுளோபினு 12.5 இருந்தாத்தான் எடுப்போம், உனக்கு 9 தான் இருக்குதுன்னு அனுப்பிட்டாங்களாமே. அன்னதானம் போடப் போனவ பந்தியில குந்திக்கினு வந்த கதையா இருக்குது. நான் சிரிக்கலடி, இது இருமலு.

உங்கப்பன் என்னை மதுராந்தகத்துலேர்ந்து இந்த மறைமலை நகருக்குக் கூட்டிக்கினு வந்தப்போ, எங்க திரும்புனாலும் இரும்புதான். கம்பெனி கம்பெனியா இரும்பு, லாரி லாரியா இரும்பு. ஃபோர்டு கம்பெனி 2022-ல வேலையை நிறுத்துற வரைக்கும் தகட்டை அடிச்சி அடிச்சி காரா அனுப்பிக்கினு இருந்துச்சி. இத்தனை இரும்புக்கு நடுவுல பொறந்து வளந்தவ ஒடம்புல இரும்பு இல்லையாம். ஒடம்புக்கு வேண்டியது மொத்தமே மூணு நாலு கிராமுதானாம், நர்ஸம்மா சொன்னாங்க. அந்தச் சாமி படம் மாட்டியிருக்குதே, அந்த ஆணியை உருக்குனா உனக்கும் உன் தம்பிக்கும் போதும்.

எனக்கு அப்பவே சந்தேகம்தான். ஸ்டேஷன் மேம்பாலத்துல பாதிப் படியில நின்னு செல்லுல எதையோ தேடுற மாதிரி மூச்சு வாங்குவியே, அப்பவே. அப்பறம் ராத்திரியில ஃப்ரிட்ஜைத் தொறந்து ஐஸ்கட்டியை நறுக்கு நறுக்குன்னு கடிப்பியே, எலின்னு நெனைச்சி நான் கட்டையைத் தூக்கிக்கினு வந்தேனே. அது ருசி இல்லடி, ரத்தம் கொறைஞ்ச ஒடம்பு அப்படித்தான் கண்டதைக் கேக்குமாம். எங்க காலத்துல ஃப்ரிட்ஜு ஏது? முழுகாம இருக்கிறவ மண் சுவத்தைச் சொரண்டித் தின்னுவா, திருநூறு அள்ளித் தின்னுவா, பச்சரிசியை மென்னுக்கினே இருப்பா. என் மாமியா அதைப் பாத்துட்டா, கறிக்கடையில சொல்லிவச்சி சுவரொட்டி வாங்கியாந்து சுட்டுக் குடுப்பா. சுவரு சொரண்டிக்கு சுவரொட்டின்னு எங்க வூட்டுல பழமொழியே உண்டு. மூஞ்சைச் சுளிக்காத. ஆட்டோட மண்ணீரலுதான். வெள்ளாட்டு ரத்தத்துல இருக்கிற இரும்பு வந்து சேர்ற எடம் அது.

இந்த ஊருக்குப் பேரு வச்சாங்களே மறைமலை அடிகளு, அவரு காதுல மட்டும் இதைப் போட்டுடாத. சுத்த சைவம். பல்லாவரத்துல குந்திக்கினு 'பொருந்தும் உணவும் பொருந்தா உணவும்'னு புஸ்தகமே எழுதுனவராம், உன் தம்பி சொன்னான். இப்ப அவரு பேருல இருக்கிற ஊருல ராத்திரி ஒம்பது மணிக்கு மேல சாப்பாட்டுக் கடைங்கள்ல எரியிற வெளிச்சத்துல நூலு கோக்கலாம். ரெண்டாம் பாகம் எழுத அவருதான் இல்ல.

சரி, ரத்தம் கொறைஞ்சிதுன்னு தெரிஞ்சதும் உங்கம்மா இன்னா பண்ணா? மாதுளம்பழம் ஒரு கிலோ, பீட்ரூட்டு ஒரு கிலோ. செவப்பா இருந்தா ரத்தமாம். செங்கல்லுகூட செவப்புதான், அரைச்சி ஜூஸ் போடேன்! மாதுளையில 100 கிராமுக்கு இரும்பு அரை மில்லிகிராமு கூடக் கெடையாது. கம்புல ஆறு, கேவுருல நாலரை. விலையைப் பாத்து மரியாதை குடுக்கிற சனம் கேவுரை எங்க மதிக்கப்போவுது. ஆடி மாசம் அம்மன் கோயில்ல கியூவுல நின்னு ஒரு சொம்பு கூழு வாங்குறீங்க, செல்ஃபி எடுக்குறீங்க, அத்தோட அடுத்த ஆடிதான். அந்தக் கூழோட முருங்கக்கீரையும் கருவாட்டுக் கொழம்பும் படைக்கிறாங்களே, எதுக்குன்னு யாருனா கேட்டீங்களா? தானியத்துல இருக்கிற இரும்பு லேசுல ஒடம்புல ஒட்டாது. ராவெல்லாம் புளிக்க வச்சா கொஞ்சம் எளகும். கூட மீனோ கறியோ சேந்தா இன்னும் ஒட்டும். சைவம்னா எலுமிச்சங்கா புழி, நெல்லிக்கா கடி, கொய்யாக்கா தின்னு. அம்மனுக்கு எல்லாம் தெரிஞ்சிதான் இருக்குது.

முருங்கைன்னதும் வயிறு எரியுது. கீழ காரு நிறுத்துற எடத்துல ஒரு மரம் நின்னுச்சே, கம்பளிப்பூச்சி வருதுன்னு மீட்டிங்கு போட்டு வெட்டுனீங்க. வெட்டுனதுல முன்னாடி நின்னவரு இப்ப அதே எலையைக் காயவச்ச பவுடரு, டப்பா முந்நூறு ரூபான்னு வாங்கிக் குடிக்கிறாரு. பூச்சி கடிச்சா அரிப்பு ஒரு நாளோட போவும், இது மாசாமாசம் கடிக்குது.

ரேஷன் அரிசி சங்கதி அதுக்கு மேல. நூறு அரிசிக்கு ஒண்ணுன்னு இரும்பும் மத்த சத்தும் ஏத்துன அரிசியைக் கலந்து குடுத்துச்சி சர்க்காரு. உங்கம்மா மொறத்துல கொட்டி, கண்ணாடி போட்டுக்கினு, பிளாஸ்டிக் அரிசின்னு அதை மட்டும் பொறுக்கிக் காக்காவுக்கு வச்சா. நம்ம மாடியில வர்ற காக்காவைப் பாரு, இன்னா மினுமினுப்பு!

கிராமத்துக் கெழவி பட்டணத்தைத் திட்டுறான்னு நெனைக்காத. திட்டத்தான் வந்தேன், உன் தம்பி செல்லுல ஒரு கணக்கைப் படிச்சி என் வாயை அடைச்சிட்டான். 2019-லேர்ந்து 21 வரைக்கும் நாடு பூரா எடுத்த கணக்காம். 15 வயசுலேர்ந்து 49 வரைக்கும் இருக்கிற பொம்பளைங்கள்ல, தமிழ்நாட்டுல நூத்துக்கு 53 பேருக்கு ரத்தம் கம்மி. நாடு முழுக்கன்னா 57. அதுல பட்டணத்தைவிட கிராமத்துலதான் கூடவாம்! இத்தனை கம்பு கேவுரு பேசிட்டு எங்க போய் மூஞ்சை வச்சிக்கிறது? யோசிச்சிப் பாத்தா நெஜம்தான். வெறுங்காலோட கழனியில எறங்கி கொக்கிப்புழுவை வாங்கிக்கினோம். சட்டியில இருந்ததை ஆம்பளைக்கும் புள்ளைக்கும் போட்டுட்டு அடியில ஒட்டுனதைச் சொரண்டித் தின்னோம். அந்தச் சுவரொட்டியும் முழுகாம இருந்தாத்தான் கெடைச்சிது. நீ இன்னாடான்னா யாரும் தடுக்காமயே, கிண்டி ரயிலுக்கு ஓடுறேன்னு காலையில பட்டினி கெடக்குற. எங்களுக்கு மாமியா வச்ச பட்டினி, உனக்கு எலக்ட்ரிக் டிரெயினு வச்ச பட்டினி.

மாத்திரை குடுத்தாங்களே, எங்க? வெளிக்கிப் போனா கறுப்பா போவுதுன்னு நிறுத்திட்டியா? இரும்பு தின்னா கறுப்பாத்தான் போவும், பன்னீரு மாதிரியா போவும்? இஸ்கூல்ல வாராவாரம் குடுத்த நீலக்கலரு மாத்திரையையும் நீ ஜன்னல்ல வீசுனவதானே. எலுமிச்சந்தண்ணியோட போடு. பாலோட போடாத. நம்பரு ஏறிடுச்சின்னு உடனே நிறுத்தாத, அப்பறமும் மூணு மாசம் போட்டாத்தான் உள்ள இருப்பு சேருமாம்.

எல்லாத்தையும்விடப் பெரிய திருடன் யாரு தெரியுமா? சோறு தின்ன கை ஈரம் காயறதுக்குள்ள ஊத்திக்கிறீங்களே, டீ. கீரையில இருக்கிற இரும்பை வயித்துலயே மடக்கிக் கூட்டிக்கினு வெளிய போயிடும். குடிக்கத்தான் வேணும்னா ஒரு மணி நேரம் கழிச்சிக் குடி.

இன்னா அப்படிப் பாக்குற? ஆமாண்டி, நேத்து நர்ஸம்மா என் விரலையும்தான் குத்துனாங்க. நம்பரு உனக்கெதுக்கு? உன்னைவிட ஒண்ணு கூட, போதுமா. இந்த வயசுல கொறைஞ்சா வயித்துக்குள்ள எங்கனா கசியுதான்னு பெரிய டாக்டரைப் பாக்கணும்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. உங்கப்பன்கிட்ட சொல்லாத, சாமி படத்துக்குப் பின்னாடி சொருவி வச்சிருக்கேன்.

ஏய், அது என் டம்ளரு. கீழ வையி. ஆறிப்போவுது பாரு.