அரை சாலிசிட்டர்

லண்டன் மாநகரின் நடுவே, ஏறக்குறைய ஒரு சதுர மைல் பரப்பில், பாங்குகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும், அவற்றின் கல்யாணங்களையும் விவாகரத்துகளையும் காகிதத்தில் எழுதிக் கொடுத்துச் சௌக்கியமாகப் பிழைக்கும் வக்கீல் நிறுவனங்களும் நெருங்கி வாழும் ‘சிட்டி’ என்னும் பேட்டையில், இரவு பதினொரு மணிக்குமேல் எந்தக் கண்ணாடிக் கட்டடத்தையாவது அண்ணாந்து பார்த்தால், ஏதோ ஒரு மாடியில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதன் அடியில் இருப்பவர் நிறுவனத்தின் பார்ட்னர் அல்லர். அவர் வீட்டுக்குப் போய்விட்டார். கட்சிக்காரரும் அல்லர், அவர் எப்போதோ உறங்கிவிட்டார். நானூறு பக்க ஒப்பந்தம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்குப் பின்னும் விட்டிருப்பது ஓர் இடைவெளியா, இரண்டு இடைவெளியா என்று வெகு சிரத்தையோடு பரிசோதித்துக்கொண்டிருப்பவரே நமது நாயகரான பயிற்சி சாலிசிட்டர்.

நாயகர் என்று எழுதிவிட்டேன். 1922-ல் கேரி மாரிசன் என்ற மாதரசி இங்கிலாந்தின் முதல் பெண் சாலிசிட்டராகப் பதிவான நாளிலிருந்து காலம் வெகுதூரம் வந்துவிட்டது. இன்று இத்தொழிலில் பாதிக்குமேற்பட்டவர் பெண்களே. ஆகையால் விரும்பும் வாசகர் நாயகி என்று திருத்திப் படித்துக்கொள்ளலாம். ஒரு சொல்லை முந்நூறு இடங்களில் தேடித் திருத்துவதுதான் அன்னாருடைய உத்தியோகமும்.

இந்த வர்க்கம் புதிதன்று. சில பத்தாண்டுகளுக்கு முன்வரை ‘ஆர்ட்டிகில்டு கிளார்க்’ என்று வழங்கிவந்தது. 1827-ல், பதினைந்து வயதில், லண்டன் கிரேஸ் இன்னில் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக அமர்ந்த சார்லஸ் டிக்கன்ஸ், பிற்காலத்தில் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் வக்கீல் குமாஸ்தாக்களைத் தரம்பிரித்தபோது, பணம் கட்டிச் சேர்ந்த இந்த ஆர்ட்டிகில்டு கிளார்க்குக்குத்தான் முதல் ஸ்தானம் அளித்தார். அதே ஆசிரியர் படைத்த டேவிட் காப்பர்ஃபீல்டு, சாலிசிட்டருக்குச் சகோதர உத்தியோகமான பிராக்டர் தொழிலைப் பயில்வதற்கு அவனுடைய உறவுக்காரக் கிழவி ஆயிரம் பவுன் காணிக்கை வைக்கவேண்டியிருந்தது. இப்போது சக்கரம் நேர்மாறாகச் சுழன்றுவிட்டது. சிட்டியின் பெரிய நிறுவனங்கள் முதல் வருஷத்திலேயே 50,000 பவுனுக்குமேல் சம்பளம் கொடுக்கின்றன. பணத்தின் திசை மாறிற்றேயன்றி, காகிதக் கட்டுத் தூக்குபவர் மாறவில்லை.

பயிற்சிக் காலமான இரண்டு வருஷத்தை நான்காக வகுத்து, ஆறாறு மாதம் ஒவ்வோர் இலாகாவில் உட்காரவைப்பார்கள். அதைச் ‘சீட்’ என்பது அங்கே மரபு. சீட்டுக்குச் சீட்டு அறை மாறும். எதிரே உட்காரும் மேற்பார்வையாளர் மாறுவார். அவரோடு நம் நாயகரின் ஜன்மாந்தர ஆசைகளும் மாறும். கப்பல் அடமான இலாகாவில் இருக்கும்வரை, கப்பல் என்றால் தமக்குப் பால்யத்திலிருந்தே உயிர் என்பார். அடுத்த ஆறாம் மாதம் பென்ஷன் இலாகாவுக்குப் போனதும், உலகில் பென்ஷன் சட்டத்தைப்போல் உள்ளத்தைக் கொள்ளைகொள்ளும் விஷயம் வேறில்லை என்று அதே முகத்தோடு, அதே கழுத்துப்பட்டையோடு சொல்வார். இதைக் கபடம் என்று நான் சொல்லமாட்டேன். முடிவில் எந்த இலாகாவில் ஓர் இடம் காலியாகும் என்று ஒருவருக்கும் தெரியாதபோது, எல்லாத் தெய்வத்துக்கும் ஒரு தேங்காய் உடைத்துவைப்பதில் தப்பென்ன?

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு அறை வாசலில் ஒரு தலை தோன்றி, “இப்போது கொஞ்சம் சாவகாசமாக இருக்கிறீர்களா?” என்று மிக்க மரியாதையோடு விசாரிக்கும். சாவகாசந்தான் என்றால், இவருக்கு ஒருவரும் வேலை கொடுப்பதில்லை போலும், காரணம் இல்லாமலா இருக்கும் என்ற ஐயம் பிறக்கும். வேலை மிகுதி என்றால், பையனுக்கு உற்சாகம் போதாது என்ற அபிப்பிராயம் மூன்று மாடிக்கும் பரவும். ஆகவே, கண்களில் கடும் உழைப்பின் களைப்பையும், உதடுகளில் அடங்காத ஆர்வத்தின் புன்னகையையும் ஏககாலத்தில் வரவழைத்து, “உங்களுக்காக ஒழித்துக்கொள்கிறேன்” என்று சொல்லப் பழகுவதிலேயே முதல் சீட்டின் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. வந்தவர், “அவசரமே இல்லை, திங்கட்கிழமை காலையில் வந்தால் போதும்” என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டுப் போவார்.

காலத்தைப் பற்றிய நம் நாயகருடைய கணக்கும் விசித்திரமானது. இங்கிலாந்துச் சாலிசிட்டர்கள் ஒரு மணியைப் பத்துக் கூறாக்கி, ஆறு நிமிஷத்துக்கு ஒரு யூனிட் வீதம் கட்சிக்காரர் பேரில் பற்றெழுதுகிறார்கள். நம் பழைய கணக்கில் சொன்னால் நாழிகைக்கு நான்கு யூனிட். காணாமற்போன கட்டைத் தேடிய நேரம் யார் கணக்கில் சேர்ந்தது, காபி குடிக்கும்போது ஒன்பதாம் ஷரத்தைப் பற்றிக் கவலைப்பட்டால் அது காபியா ஷரத்தா என்பன போன்ற தத்துவ விசாரங்கள் இரவில் அவரை வாட்டும். ஆறு மணிநேரம் மூச்சுவிடாமல் உழைத்து அவர் எழுதிய குறிப்பை மேற்பார்வையாளர் புரட்டிப் பார்த்து, “இதில் பாதியைத்தான் கட்சிக்காரர் தலையில் கட்டலாம்” என்று தீர்ப்பளித்தால், ஜீவிதத்தில் முப்பது யூனிட் கண்ணெதிரே ஆவியாகிப் போகும்.

வழக்கு இலாகாவில் இருப்பவருடைய துயரம் வேறு. 2011-ல் ஃபெட்டர் லேனில் திறந்த ரோல்ஸ் பில்டிங்கில் வர்த்தக வழக்குகள் நடக்கின்றன. அங்கே மின்வடிவில் தாக்கல் செய்யும் ஆவணக் கட்டில், தாளின்மேல் அச்சிட்ட பக்க எண்ணும் திரையில் தெரியும் பக்க எண்ணும் ஒன்றாயிருக்க வேண்டும். இரண்டாயிரம் பக்கத்துக்கும் எண்ணிட்டு முடித்த இரவில், பாரிஸ்டர் ஒரு பழைய கடிதத்தைக் கண்டெடுத்து, இது 214-ஆம் பக்கத்துக்குப் பின்னால் வரட்டும் என்று ஒரு வரி எழுதி அனுப்புவார்.

இத்தனையும் கேட்டு இவரை வெறும் எடுபிடி என்று எண்ணுவது பெரும் பிசகு. ஒரு கம்பெனி கைமாறும் இரவைப் பாருங்கள். மாதக்கணக்காகப் பேரம் பேசி, பார்ட்னர்கள் வாதப் பிரதிவாதம் செய்து ஓய்ந்த பின், சகலமும் ஒரு கையெழுத்துத் தாளுக்காகக் காத்து நிற்கும். அதைத் தருவிக்க வேண்டியவர் இவர். முன்பெல்லாம் வரைவிலேயே கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பத்திரம் இறுதியானதும் அந்தத் தாளைக் கழற்றிப் புதியதில் கோத்துவிடுவது உண்டு. 2008-ல் மெர்க்குரி டாக்ஸ் குரூப் வழக்கில் ஹைகோர்ட்டு இந்தக் கைங்கரியத்தைக் கண்டு முகம் சுளித்தது. அதுமுதல், முறைப்படியான பத்திரமாயின் இறுதி வாசகம் முழுவதையும் கையெழுத்துத் தாளோடு சேர்த்தே திரும்பப் பெறுவதென்ற ஆசாரம் ஏற்பட்டுவிட்டது. கம்பெனிக்காக ஒரே டைரக்டர் கையெழுத்திடும் பக்ஷத்தில், சாட்சி ஒருவர் நேரில் நின்று பார்த்துத் தாமும் கையெழுத்திட வேண்டும். வீடியோவில் பார்த்தால் போதாது. டைரக்டரோ ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு விளையாடப் போயிருப்பார்.

“ஐயா, தங்கள் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?”

“என் மனைவி இருக்கிறாள்.”

“சட்டம் தடுக்கவில்லை, ஐயா, ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல்கள் ஒப்பமாட்டார்கள். வேறு யாராவது?”

“சாப்பாடு கொண்டுவந்த சர்வர் நிற்கிறான்.”

“மிக்க சந்தோஷம். அவருக்குப் பதினெட்டு வயது ஆயிற்றா என்று மட்டும் தயவுசெய்து கேட்டுவிடுங்கள்.”

இரவு ஒன்றரை மணிக்குத் தாள் வந்துசேரும். சாட்சியின் கோட்டில் டைரக்டரும், டைரக்டரின் கோட்டில், அழகிய கொண்டை எழுத்தில், சர்வரும் கையெழுத்திட்டிருப்பார்கள். பல லட்சம் பவுன் பெறும் கம்பெனியை ஓர் ஓட்டல் சர்வர் விற்றுவிட்டதாகத் தோன்றும் அத்தாளை மேற்பார்வையாளரின் மேஜைமேல் வைத்துவிட்டு நிற்கும் அந்த க்ஷணத்தில், சர்வகலாசாலையில் படித்த ரோமானியச் சட்டம் எதுவும் உதவிக்கு வருவதில்லை.

மறுநாள் விருந்தில் எல்லோரும் கோப்பையை உயர்த்தும்போதும் இவர் மனத்துக்குள் நாள் எண்ணிக்கொண்டிருப்பார். கடனுக்கு ஈடாகக் கம்பெனி தன் சொத்தைப் பிணை வைத்திருந்தால், 2006-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி அதனை 21 நாட்களுக்குள் கம்பெனிஸ் ஹவுஸ் என்னும் பதிவகத்தில் பதிய வேண்டும். தவறினால், கம்பெனி நொடித்த காலத்தில் அந்தப் பிணை லிக்விடேட்டருக்கும் மற்றக் கடன்காரர்களுக்கும் எதிரே செல்லாது. கடன் கொடுத்த பாங்கு ஏமாந்த கூட்டத்தோடு வரிசையில் நிற்கவேண்டியதுதான். இவ்வளவு பெரிய விபரீதத்தைத் தடுக்கும் வேலை ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்வதுதான் என்பதால், பெரியவர்கள் யாரும் அதைத் தொடுவதில்லை. பதிந்துவிட்டால் ஒருவரும் நன்றி சொல்லார். மறந்துவிட்டால், நிறுவனம் இருக்கும்வரை அவர் பெயரை ஒருவரும் மறவார். ஒப்பந்தத்தின் நானூறு பக்கத்தில் எங்கும் காணாத அவருடைய பெயர் பிரசித்தமாவதற்கு, என் அறிவுக்கு எட்டியவரை, அது ஒன்றுதான் நிச்சயமான மார்க்கம்.

ஆதலால், வாசகர்களில் யாரேனும் என்றாவது ஓர் ஆங்கிலக் கம்பெனியை விலைக்கு வாங்கும் பாக்கியம் பெற்று, நள்ளிரவில், “மன்னிக்க வேண்டும், 97-ஆம் பக்கத்தில் மறுபடியும் ஒரு கையெழுத்துத் தேவை” என்று மின்னஞ்சல் வரப்பெற்றால், கோபித்துக்கொண்டு பார்ட்னருக்குப் புகார் எழுதாதீர்கள். பேனாவை எடுத்து, எது உங்கள் கோடு, எது சாட்சியின் கோடு என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்து, கையெழுத்திட்டு அனுப்பிவிடுங்கள். அந்த மனிதர் வீட்டுக்குப் போகட்டும்.