பெட்டி வேறு, சரக்கு வேறு

வீடியோ கேம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அப்பாக்களும் கம்ப்யூட்டர் என்றால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார்கள். இந்தப் பலவீனத்தைச் சரியாகப் பிடித்தவை ஒரு காலத்தில் சீனாவிலிருந்து வந்து இறங்கிய கீபோர்டு பெட்டிகள். எழுத்துக் கட்டைகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்கு மேலே, கொஞ்சம் கூச்சத்தோடு, ஒரு கேசட் துளை. டைப்பிங் பழக ஒரு கேசட், பேசிக் மொழி எழுத ஒரு கேசட், கூடவே மரியோ. டைப்பிங் கேசட், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்வரை ஓடும்.

உள்ளே இருந்தது என்னவோ நின்டெண்டோவின் ஃபேமிகாம் நகல்தான். 1983 ஜூலையில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சிவப்பு வெள்ளை கேம் பெட்டி அது. அதற்குக் கம்ப்யூட்டர் வேஷம் கட்டும் யோசனை நகல்காரர்களுடையதுகூட இல்லை. 1984-இல் நின்டெண்டோவே கீபோர்டும் கேசட்டுமாக 'ஃபேமிலி பேசிக்' என்று ஒன்றை விற்றது. நம் ஊர்க் கடைகளில் 12 டாலர் கணக்கில் கிடைத்த கீபோர்டு பெட்டிகளைப் பார்த்துவிட்டு, டெரிக் லோமாஸ் என்ற அமெரிக்க மாணவர், இதற்கே நல்ல பாட விளையாட்டுகள் எழுதினால் என்ன என்று கேட்டார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2008-இல் நடந்த பட்டறை ஒன்றில் அந்தப் பேச்சு சூடு பிடித்தது. 'ப்ளேபவர்' என்ற முயற்சி அப்படித்தான் கிளம்பியது.

பிச்சாட்டூரில் நம் நண்பர் ஒருவருக்கு வந்த ஆசை இதற்கு நேர் தலைகீழ். பரணில் கிடந்த பழைய கேம் பெட்டிக்குள் நிஜமான கம்ப்யூட்டர் ஒன்றை வைக்க வேண்டும்.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆரணியாற்று அணைக்கட்டு இருக்கும் ஆந்திர ஊர். பலகையெல்லாம் தெலுங்கு; பல வீடுகளில் திட்டு விழுவது தமிழில். 2022 ஏப்ரல்வரை சித்தூர் மாவட்டம், அதன் பிறகு திருப்பதி மாவட்டம். ஊர் ஓர் அங்குலம் நகரவில்லை, மேல் உறைதான் மாறியது. ஆக, பெட்டி மாற்றும் வேலை அங்கே யாருக்கும் புதிதல்ல.

நாகலாபுரம் தாண்டி, சிவபெருமானே களைத்துப் படுத்திருக்கும் சுருட்டப்பள்ளி தாண்டி, ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னைக்குப் போய், ரிச்சி தெருவில் ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் பலகை ஒன்றை வாங்கிவந்தார். 85 மில்லிமீட்டர் நீளம், 56 மில்லிமீட்டர் அகலம். "இதுக்கா பஸ் ஏறிப் போனீங்க?" என்றார் மனைவி. "சோப்பு டப்பாவில போட்டு மூடி வெச்சா ஆகாதா?" ஆகும். நண்பர் அதை ஒப்புக்கொள்வதாக இல்லை.

கேம் பெட்டியின் ஸ்க்ரூவைக் கழற்றியபோது வீடே கூடி நின்றது. பால்ய காலத்தையே விழுங்கிய இயந்திரம். உள்ளே என்னென்ன இருக்குமோ! இருந்தது உள்ளங்கையளவு பலகை ஒன்று, அதன் நடுவில் தார் சொட்டியது போல ஒரு கறுப்புப் பொட்டு. அசலில் பல சில்லுகள் செய்த வேலையெல்லாம் நகலில் அந்த ஒரே பொட்டுக்குள் அடக்கம். மீதி முழுக்கக் காற்று. "இந்தக் காத்துக்காடா அன்னிக்குக் காசு குடுத்தேன்?" என்று நண்பரின் அப்பா கேட்டதில் நியாயம் இருந்தது.

இடம் தாராளம், தொல்லை வேறு இடத்தில். ராஸ்பெர்ரி பையில் யுஎஸ்பி துளைகள் ஒரு பக்கம், கரண்டும் எச்டிஎம்ஐயும் இன்னொரு பக்கம். பெட்டிக்கோ முதுகில் மட்டும்தான் ஓட்டை. நீட்டிப்பு ஒயர்களை வளைத்து நெளித்து விட வேண்டும். குறுக்கே நிற்கும் பிளாஸ்டிக் கால்களைச் சூடான கத்தியால் சீவ வேண்டும். அந்த நாற்றத்தில் அண்டை வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "ஏமய்யிந்தி?" என்றார். "கம்ப்யூட்டர் சேஸ்துன்னாரு" என்று மனைவி சொன்ன தொனியைத் தெலுங்கு தெரியாதவர்களும் புரிந்துகொள்ளலாம்.

சுவிட்சில்தான் விஷயமே இருக்கிறது. பழைய கேமை எப்போது வேண்டுமானாலும் பட்டென்று அணைக்கலாம். அதற்கு நினைவில் வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. இதை அப்படி அணைத்தால் மெமரி கார்டு கெட்டுப்போகலாம். அதனால் பழைய ரீசெட் பொத்தானின் இரண்டு ஒயரையும் ஐந்தாவது, ஆறாவது பின்களில் மாட்டி, அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தார். ஒரு தட்டுக்கு முறையாகத் தூங்கும், மறு தட்டுக்கு எழும். வெப்பம் 80 டிகிரியைத் தொட்டால் இந்தப் பலகை தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாதத்துப் பிச்சாட்டூரில் மனிதர்களும் அதையேதான் செய்கிறார்கள். வில்லை வில்லையாக அலுமினியம் ஒட்டி, கேசட் துளையை மூடாமல் விட்டதில் காற்றுக்கு வழி கிடைத்தது.

பழையதன் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ், புதியது 1.5 கிகாஹெர்ட்ஸ்: எண்ணூறு மடங்குக்கு மேல். வேலை நினைவகம் 2 கிலோபைட்டிலிருந்து 4 கிகாபைட், அதாவது இருபது லட்சம் மடங்கு. இதையெல்லாம் சொல்லித்தான் நண்பர் அப்பாவிடம் மரியாதை தேடினார். அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. 1984-இல் மத்திய அரசு 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்குக் கொடுத்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரின் மூளை, 1975-இல் வந்த 6502 சில்லு. ஃபேமிகாமின் மூளையும் அதே 6502 குலம்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் பயபக்தியோடு தொட்ட யந்திரமும், தொட்டதற்கு முதுகில் அடி வாங்கித் தந்த யந்திரமும் பங்காளிகள்! ஒரு வித்தியாசம், ஃபேமிகாமுக்கான சில்லில் பதின்மக் கணக்குப் போடும் வசதியை வெட்டிவிட்டிருந்தார்கள். ஆடினவர்களுக்கும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் கோளாறு.

பெட்டி இப்போது டிவிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு நண்பரைப் பார்க்கும் பார்வையில் பரிதாபம் தெரிகிறது: இந்த வயதிலும் கேமா? கம்ப்யூட்டர் என்று சொன்னால் நம்புவதில்லை. நிரூபிக்கவென்றே ஒரு நாள் ஆந்திர அரசின் நில ஆவணத் தளமான மீபூமியைத் திறந்து, அப்பாவின் நிலத்து அடங்கலை டிவி திரை முழுக்கக் காட்டினார். அப்பா கண்ணாடியைத் துடைத்து, சர்வே எண்ணைச் சரிபார்த்து, பரப்பளவைச் சரிபார்த்து, பிறகு எழுந்துபோய்க் குனிந்து கேசட் துளைக்குள் எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா கேசட்டே போடலியேடா?"