ஓர் எதிர்மனுதாரரின் நன்றிக் கடிதம்

அனுப்புநர்: எதிர்மனுதாரர் (முகவரி அடிக்கடி மாறும்)

பெறுநர்: மாட்சிமை தங்கிய ஒன்றிய சட்ட அமைச்சகம், புது தில்லி

பொருள்: குழந்தைக்கு ஜீவனாம்சம் கொடுக்காமல் காலந்தள்ளத் தாங்கள் செய்து தந்துள்ள வசதிகளுக்கு நன்றி தெரிவித்தல் - தொடர்பாக.

ஐயா,

வணக்கம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவரப் போகிறீர்கள் என்று 2023இல் செய்தி வந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தை மொத்தமாகப் பிரித்துப் போடுகிறவர்கள், என்னைப் போன்ற தகப்பன்மார் நிம்மதியாகக் குடியிருக்கும் 125ஆம் ஜீவனாம்சப் பிரிவையும் இடித்துவிடுவார்களோ என்று பயந்தேன். 2024 ஜூலை 1 அன்று சட்டம் அமலுக்கு வந்தது. என் வக்கீல் வாசித்துக் காட்டினார். வாசல் பலகையில் 125ஐ அழித்துவிட்டு 144 என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு வேண்டிய செங்கல் ஒன்றுகூட உள்ளே நகரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எண்ணில்தான் சின்னக் குழப்பம். பாக்கிக்காக மனு வந்தபோது, "உங்க மேல 144 போட்டிருக்காங்க" என்றார் வக்கீல். கடை வாசலில் ஐந்து பேர் சேர்ந்து நிற்கக் கூடாது போலிருக்கிறது என்று டீ குடித்துக்கொண்டிருந்தவர்களை விரட்டிவிட்டேன். அந்தத் தடை உத்தரவு இப்போது 163க்குக் குடிபோய்விட்டதாம்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. இருசக்கர வாகன ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கல்லாவில் உட்காருகிறேன். கடை என் தம்பி பெயரில் இருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்காதீர்கள். மனைவியும் மகளும் தனியாக இருக்கிறார்கள். வழக்குக் கட்டில் மனைவி 1ஆம் மனுதாரர், மகள் 2ஆம் மனுதாரர். மைனர் என்பதால் 1ஆம் மனுதாரரே அவளுக்குக் கார்டியன். 2ஆம் மனுதாரருக்கு மாதம் 8,000 ரூபாய் நான் தர வேண்டும் என்று குடும்ப நல நீதிமன்றம் உத்தரவு போட்டது. அவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள் என்று நினைக்கிறேன். பத்தாகவும் இருக்கலாம்.

உத்தரவு வந்த மறுமாதம் கொஞ்சம் பதற்றமாகத்தான் இருந்தேன். கெடு தேதி வந்தது, போனது. பணம் கட்டவில்லை. யாராவது கூப்பிடுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த மாதமும் அப்படியே. அப்போதுதான் தங்கள் சட்டத்தின் அருமை புரிந்தது. நான் கட்டவில்லை என்பது தங்களுக்குத் தெரியவே தெரியாது! தெரிந்துகொள்வதற்கான ஏற்பாடு எதையும் தாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. அவள்தான் வேலைக்கு லீவு போட்டு, வக்கீலைப் பிடித்து, பாக்கியை மாதவாரியாக எழுதி மனுப் போட வேண்டும். அது நம்பராக வேண்டும். நோட்டீஸ் என்னைத் தேடி வந்து, கதவு பூட்டியிருக்கிறது என்று திரும்பிப் போய், மறுபடி வர வேண்டும். அதற்குள் அடுத்த பாக்கி சேர்ந்துவிடுகிறது. அதற்கு இன்னொரு மனு.

அரசாங்கத்துக்கே பாக்கி வைத்தும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவம் வேறு ரகம். மின்கட்டணக் கெடு தாண்டினால் ஒரு தம்பி சைக்கிளில் வந்து, கதவைக்கூடத் தட்டாமல், பியூஸைப் பிடுங்கிக்கொண்டு போகிறார். மின்வாரியம் என் மீது மனுப் போட்டு வாய்தாவுக்கு அலைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சிக்னலைத் தாண்டினால் நான் வீடு சேரும் முன்பே போனில் அபராதம் வந்து நிற்கிறது. ஜி.எஸ்.டி. கணக்கு ஒரு நாள் தள்ளினால் தாமதக் கட்டணம் தானாக ஏறுகிறது. தம்பி பெயரில் ஏறினாலும் கட்டுவது நான்தானே. சம்பளக்காரர்கள் பாடு இன்னும் மோசம், வருமான வரியைக் கையில் வரும் முன்பே பிடித்துவிடுகிறீர்கள். இவ்வளவு திறமையையும் கையில் வைத்துக்கொண்டு, 2ஆம் மனுதாரரின் 8,000 ரூபாய் விஷயத்தில் மட்டும் ஒரு தீர்ப்பு நகலைத் தாயின் கையில் கொடுத்து, "போய் ஆளைத் தேடிப் பிடித்துக்கொள்ளம்மா" என்று அனுப்பிவிட்டீர்களே, அந்தப் பெருந்தன்மைக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்! நகல் இலவசம் என்று சட்டத்திலேயே எழுதியும் வைத்திருக்கிறீர்கள். பாவம், அந்தச் செலவாவது அவளுக்கு மிச்சம்.

வட்டி என்ற பேச்சே அந்தப் பிரிவில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நகைக்கடன் வாங்கிய எனக்கு இதன் அருமை தெரியும். இந்த ஊரில் வட்டியில்லாமல் எனக்குக் கடன் கொடுத்த ஒரே ஆள் என் மகள்தான்.

அடுத்தது ஓராண்டுக் கெடு. பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போடவில்லை என்றால் அந்தத் தொகைக்கு வாரண்ட் கிடையாது. எனவே நானும் அவ்வப்போது, "எதற்கு கோர்ட்டு கேஸு? தீபாவளிக்கு மொத்தமாகத் தருகிறேன்" என்று பெரியவர்களை விட்டுச் சொல்லி அனுப்புவேன். தீபாவளி போய்ப் பொங்கல் வரும். அவளுக்குப் பொறுமை அதிகம், மாதங்கள் ஒவ்வொன்றாகக் கெடு தாண்டி விழும். பொறுமைசாலிக்கு அபராதம் போடும் சட்டம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். உரிமையியல் டிக்ரி மாதிரியும் இதை நிறைவேற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லித் தொலைத்தது. ஆனால் அந்த வழியில் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் தூரம் தெரியும்.

வாரண்ட் வருவதும் ஒரு கலை. காவல் நிலையத்தில் அவர்களுக்கு ஆயிரம் வேலை. கொலை, கொள்ளை, கோயில் திருவிழா, அமைச்சர் வருகை. நடுவில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரனைத் தேடி யார் வருவார்? எப்போதாவது ஒரு ஏட்டையா வருவார். "அண்ணன் வெளியூர் போயிருக்காரு" என்று தம்பி சொல்வான், நான் உள்ளே ஸ்டாக் எடுத்துக்கொண்டிருப்பேன். ஆளில்லை என்று எழுதி வாரண்ட் திரும்பும். நீதிபதி கோபப்படுவார், அடுத்த வாய்தா போடுவார். அவள் மறுபடி லீவு போடுவாள்.

மிஞ்சிப் போனால் சிறை. கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை உள்ளே வைக்கலாம் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு மனுவில் பல மாதப் பாக்கி இருந்தாலும் மொத்தமே ஒரு மாதம்தான் என்று 1999இல் ஒரு தீர்ப்பு வந்தது; எங்கள் தரப்பு அதைத்தான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறது. உள்ளே போய் வந்தால் கணக்கு நேராகிவிடும் என்றுகூட நம்பிக்கொண்டிருந்தேன். அதையும் உச்ச நீதிமன்றம் 1988லேயே கெடுத்து வைத்திருக்கிறது. சிறை என்பது வசூலிக்கும் வழிதானாம், பணம் கட்டியதற்கு ஈடாகாதாம். ஆனாலும் அந்த அளவுக்கு நான் போவதில்லை. கதவு திறக்கும் நேரத்தில் பத்தாயிரத்தைக் கட்டி, மீதிக்கு டைம் கேட்பேன். மொத்தமாக வராமல் போவதைவிட இது மேல் என்று எதிர்த்தரப்பு வக்கீலும் தலையாட்டுவார்.

இங்கே ஒரு குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உச்ச நீதிமன்றத்தை யாராவது கொஞ்சம் கண்டித்து வைத்தால் நல்லது. குடும்ப நல நீதிமன்றம் ஒன்றில் ஒரு ஜீவனாம்ச மனு ஒன்பது ஆண்டு கிடந்ததாம். அதற்காக 2014இல் வருத்தப்பட்டுப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இடைக்கால ஜீவனாம்சத்தை நோட்டீஸ் சார்பு செய்யப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள், கூடியவரை முடிக்க வேண்டும் என்று 2001இல் தாங்கள் சேர்த்தீர்கள். அந்தக் 'கூடியவரை'யில்தானே எங்கள் பிழைப்பே ஓடுகிறது? அதைப் புரிந்துகொள்ளாமல், 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் இரு தரப்பும் சொத்து, கடன், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றும், மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் ஓடும் என்றும் சொல்லிவிட்டார்கள். வாய்தா வாங்கினால் லாபம் என்ற எங்கள் அடிப்படைக் கொள்கையே ஆட்டம் கண்டுவிட்டது. 2022இல் இன்னொரு அமர்வு, உடம்பில் தெம்பிருப்பவன் கூலி வேலை செய்தாவது மனைவி, பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்றது. நான் வருமானமில்லாதவன் என்று எழுதிக் கொடுத்ததெல்லாம் வீண்.

இதில் ஒருவனுக்காக மட்டும் பேச வேண்டும். என் பக்கத்து வாய்தாக்காரன் ஒருவன் இருக்கிறான், மில் மூடி நிஜமாகவே வேலை போனவன். தொகையைக் குறைக்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறான். சட்டத்தில் அதற்கும் வழி உண்டு. அவனுக்கும் வாய்தாதான். கொடுக்க முடியாதவனும் கொடுக்க மனமில்லாதவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். யார் யார் என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. எனக்கு அது சௌகரியம், அவனுக்கு இல்லை.

டீக்கடையில், "பிள்ளையைக் கண்ணில் காட்டாதவளுக்கு எதற்கு மாப்ளே பணம்?" என்பார்கள். நானும் அதையே கோர்ட்டில் சொன்னேன். பிள்ளையைப் பார்ப்பதற்கு வேறு மனு, பிள்ளையின் சோற்றுக்கு வேறு உத்தரவு, ஒன்றைக் காட்டி மற்றதை நிறுத்த முடியாது என்றார் நீதிபதி. பார்க்க வேண்டுமானால் மனுப் போடுங்கள் என்றார். போடவில்லை. வேலை அதிகம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு வழக்கங்களைத் தாங்கள் படிப்பதாகக் கேள்வி. தயவுசெய்து வேண்டாம். அமெரிக்காவில் முதலாளியே சம்பளத்திலிருந்து பிடித்து அனுப்பிவிடுகிறாராம். பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட் கிடையாதாம். ஜெர்மனியில் இன்னும் அநியாயம்: தகப்பன் கொடுக்கவில்லை என்றால் அரசாங்கமே பிள்ளைக்கு முன்பணமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, பிறகு தகப்பனைத் துரத்துகிறதாம். யோசித்துப் பாருங்கள். என்னைத் தேடி வருவது லீவு கிடைக்காத ஒரு பெண் என்பதால்தான் நான் ஸ்டாக் எடுக்க முடிகிறது. பியூஸ் பிடுங்கும் இலாகா தேடி வந்தால் நான் எங்கே போவேன்? இங்கேயும் அரசு வேலையில் இருக்கும் என் பள்ளித் தோழன் ஒருவன் மாட்டிக்கொண்டான். கோர்ட் உத்தரவு அலுவலகத்துக்கே போய், மாதா மாதம் சம்பளத்தில் பிடித்தம். அவன் மகன் பீஸ் நேரத்துக்குக் கட்டப்படுகிறது. இது பரவிவிடக் கூடாது என்பதுதான் என் முதல் கோரிக்கை.

இரண்டாவது, பதினெட்டு வயது. அதில் கை வைக்காதீர்கள். மகளின் வகுப்பு எனக்குச் சரியாகத் தெரியாவிட்டாலும், அவளுக்குப் பதினெட்டு முடியும் தேதி நன்றாகத் தெரியும். பிளஸ் டூ முடிந்து கல்லூரிக் கட்டணம் தொடங்கும் நேரமாகப் பார்த்துத் தங்கள் 144 என்னை விடுவிக்கிறது. அதற்குப் பிறகும் கல்யாணம் ஆகாத மகள், தன் வருமானத்தில் வாழ முடியாவிட்டால், 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தில் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் வழக்கம்போல நினைவூட்டியிருக்கிறது. கேட்கட்டும். புது வழக்கு, புது நம்பர், புது சம்மன். அப்போது அவள் 2ஆம் மனுதாரர் இல்லை, முதலாம் மனுதாரர். கல்லூரிக்கு அவளே லீவு போட வேண்டியிருக்கும்.

தங்கள் சேவை தொடர வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
எதிர்மனுதாரர்

இணைப்பு: சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரம் (அடுத்த வாய்தாவில் தாக்கல் செய்யப்படும்).