கடையத்து அண்ணாச்சியின் கழுதை

குற்றாலத்தில் சாரல் விழுந்து, அம்பாசமுத்திரம் ரோட்டில் வெளியூர் வேன்கள் ஓடத் தொடங்கியதும் கடையத்து டீக்கடை பெஞ்சில் அண்ணாச்சி ஆஜராகிவிடுவார். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, கையில் பிறர் வாங்கிக் கொடுத்த டீ. ரீல் விடுகிறவர்கள் எந்த ஊரில்தான் இல்லை? கடையத்து அண்ணாச்சிக்குச் சரக்கு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். காரணம், பாரதியார்.

செல்லம்மாவின் ஊர் இது. 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையான பாரதி, நேரே இங்குதான் வந்தார். 1920 நவம்பரில் சென்னைக்குப் போகிற வரை கிட்டத்தட்ட இரண்டு வருஷம் இந்தப் பக்கத்து வாசம். அந்த இரண்டு வருஷமும் அண்ணாச்சியின் தாத்தா வேறு வேலையே பார்க்கவில்லை. பாரதி எந்தப் பாறையில் உட்கார்ந்தாரோ அதற்குப் பக்கத்துப் பாறையில் இவர் உட்கார்ந்திருந்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு, மதுரையா? சரியாப்போச்சு. எங்க தாத்தா சாகும்போது, மதுரையிலேர்ந்து ஆளு வரும், அவங்ககிட்ட சொல்லிருன்னுட்டுத்தான் கண்ண மூடுனாவ."

அடுத்த வேன் திருப்பூர் வண்டி என்றால் தாத்தா திருப்பூரை நினைத்துக் கண்ணை மூடுவார்.

அரைகுறை ஆசாமி எடுத்த எடுப்பிலேயே தாத்தாவைத் தியாகி ஆக்கிவிடுவான். அண்ணாச்சி அப்படியில்லை. முதலில் சொந்தக் குடும்பத்தின் மானத்தைக் கொஞ்சம் வாங்குவார். "எங்க தாத்தா மொதல்ல அவரைக் கிறுக்குன்னுதான் நெனச்சாவ. ஒரு வாய் தண்ணி கூடக் குடுக்கல. பாவி மனுசன்!" என்று துண்டால் கண்ணைத் துடைப்பார். தாத்தாவையே திட்டுகிறவன் பொய்யா சொல்வான்? கேட்கிறவர் அங்கேயே விழுந்துவிடுவார். அப்புறம் கழுதை வரும்.

கடையத்துத் தெருவில் பாரதி கழுதைக்குட்டியைத் தூக்கிக் கொஞ்சினார் என்று ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. அந்தக் கழுதை அண்ணாச்சி வீட்டுக் கழுதை. ஒருநாள் அதைச் சாம்பல் நிறம் என்றார். டீ மாஸ்டர் விடவில்லை: "போன வாரம் கருப்புன்னீரே?"

"அது தாய்க்கழுத, வே."

இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனசு வராது. அல்வா கொடுக்கிறவன் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு போவான். அண்ணாச்சி எடுத்துக்கொள்வது அரை மணி நேரமும் ஒரு டீயும். தவிர, 1994-இல் 'அமைதிப்படை' சத்யராஜ் கையில் பட்டு அல்வாவின் பெயர் கெட்டது போதும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதும் அந்த அல்வாவும் நெல்லையோடு போயிற்று. எங்களுக்கு மிஞ்சியது சாரலும் சரடும்.

காலேஜ் பையன் ஒருவன் அவரை மடக்குவதற்காக அமெரிக்காவை இழுத்தான். ஜார்ஜ் பார்க்கர் என்றொருவன் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தையே தன்னுடையது என்று சொல்லி விற்றிருக்கிறான். 1928-இல் ஆயுள் தண்டனை கொடுத்து சிங்சிங் சிறையில் போட்டார்கள். அங்கே எதையும் நம்புகிற ஆளைப் பார்த்து, 'ஒரு பாலம் இருக்கு, வாங்கிக்கிறியா' என்று கேட்பது இன்றைக்கும் வழக்கம்.

அண்ணாச்சிக்கு பார்க்கர் மேல் இரக்கமே வந்துவிட்டது. "வெவரங்கெட்ட பய. பாலத்த வித்தா மாட்டத்தான செய்வான்? மறுநாளும் அங்கனயே நிக்கும்லா. ராமநதித் தண்ணிய வித்திருக்கணும்."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து கலப்படமில்லாத உண்மை வந்து நான் கேட்டது ஒரே ஒரு தடவை. கோவைக்காரர் ஒருவர், மனைவி மக்களோடு, பாறை, கழுதை எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டு முடித்திருந்தார். அண்ணாச்சி ஏதோ நினைப்பில் சொன்னார்: "1920-ல இங்கேர்ந்து ஒரு கடுதாசி போட்டாரு. எழுதுனதையெல்லாம் நாப்பது புஸ்தகமாப் போடப் போறேன், ஒவ்வொண்ணும் பத்தாயிரம் பிரதி, மண்ணெண்ணெய் தீப்பெட்டி மாதிரி விக்கும், பணம் அனுப்புங்கன்னு."

நாற்பது பத்தாயிரம் நாலு லட்சம் என்று கோவைக்காரர் மனசுக்குள் போட்டுப் பார்த்தார். கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார்.

"கழுதை வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்துச்சு. இதுக்கு மேல காதுல பூ சுத்தாதீங்க."