பழங்கணினி பெருவன்தட்டை அறியுமாறு: பொய்க் கொள்கை வழி ஓர் ஆராய்ச்சி

பழைய கம்ப்யூட்டரில் புதிய பெரிய ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் விளையக்கூடியவை மூவகைப்படும். திரை உறைந்து நிற்றல் ஒன்று. டிஸ்க்கின் பெயர் வந்தும் அளவு இளைத்து வருதல் மற்றொன்று. அப்படியொரு பொருளே உள்ளே இல்லை என்பதுபோல் இயந்திரம் தன் பாட்டுக்கு இருத்தல் இன்னொன்று. சென்னை ரிச்சி தெருவின் மரபில் மூன்றுக்கும் சேர்த்து ‘டிஸ்க் டிடெக்ட் ஆகலை’ என்ற ஒரே தொடர்தான். கடைக்கு அது போதும்; ஆய்வுக்குப் போதாது.

இப்பொருள் குறித்து ஏற்கெனவே இரண்டு கொள்கைகள் வழங்குகின்றன. முதலாவது கேபிள் கொள்கை. பிடுங்கி மறுபடி செருகினால் எல்லாம் சரியாகும் என்பது இதன் சாரம். ஒரே பட்டைக் கேபிளில் இரண்டு டிஸ்க்குகள் தொங்கி, எது மாஸ்டர் எது ஸ்லேவ் என்பதைப் பின்புறத்து ஜம்பர் தீர்மானித்த காலத்தில் இக்கொள்கை பல வெற்றிகளைக் கண்டது. ஆனால் அதே கேபிளில் பழைய சிறிய டிஸ்க் பழுதின்றி ஓடுவது ஏன் என்று கேட்டால், கேபிள் கொள்கையினர் விடை சொல்லாமல் இன்னொரு முறை பிடுங்கிச் செருகுவர்.

இரண்டாவது பயாஸ் கொள்கை. கணினியை விழிக்கவைக்கும் பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்தால் பார்வை திரும்பும் என்பர். சரியான கொள்கைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மதர்போர்டைச் செய்தவர்கள் அந்த மாடலை மறந்து பல்லாண்டு ஆகியிருக்கும். புதிய பயாஸ் கிடைத்து, எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ, டிஸ்க்கை அறியாதிருந்த கணினி தன்னையே அறியாததாகிவிடும்.

நாம் நிறுவ முற்படுவது மூன்றாவதான பொய்க் கொள்கை. பழங்கணினி ஒரு பெரிய டிஸ்க்கை ஏற்றுக்கொண்ட இடங்களில் பெரும்பாலும் யாரோ யாரிடமோ பொய் சொல்லியிருக்கிறார்கள் என்பது இதன் துணிபு. வள்ளுவரே வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறளில் பொய்க்கு ஒரு விதிவிலக்கு தந்திருப்பதால், இதை எடுத்துரைப்பதில் நமக்குத் தயக்கமில்லை.

முதற்சான்று 528 எம்பி. 1990களின் முற்பாதியில் பலரை முட்டவைத்த சுவர் இது. டிஸ்க்கில் ஓரிடத்தைச் சொல்ல அன்று மூன்று எண்கள் வேண்டும்: சிலிண்டர், தலை, செக்டார். பயாஸ் இவற்றுக்கு முறையே 10, 8, 6 பிட்டுகளை ஒதுக்கியிருந்தது, மொத்தம் 24. டிஸ்க்கின் பக்கத்து விதியோ 16, 4, 8 என்று ஒதுக்கியது; மொத்தம் 28. தனித்தனியே பார்த்தால் பயாஸ் 8 ஜிபிக்கு மேலும், டிஸ்க் 130 ஜிபிக்கு மேலும் எட்டக்கூடியவை. இரண்டும் கைகோத்தபோது ஒவ்வொரு எண்ணிலும் சிறியதே செல்லுபடியாயிற்று. 1024 சிலிண்டர், 16 தலை, 63 செக்டார், செக்டாருக்கு 512 பைட். பெருக்கினால் 52,84,82,304 பைட்டுகள். தாராளமான இருவர் கூடி இவ்வளவு கஞ்சத்தனமான உடன்படிக்கையை எட்டியது வியப்புக்குரியது.

இதற்குக் கண்ட தீர்வு என்னை எனின், பயாஸைப் பொய் சொல்ல வைத்ததே. 2048 சிலிண்டரும் 16 தலையும் உள்ளதாக டிஸ்க் சொன்னால், பயாஸ் அதைக் கேட்டுக்கொண்டு இயங்குதளமான டாஸிடம் 1024 சிலிண்டர், 32 தலை என்று திரித்துச் சொல்லும். பெருக்குத்தொகை மாறவில்லை, டாஸ் மகிழ்ந்தது. அற்றேல், டிஸ்க்கேனும் உண்மை சொன்னதோ எனின், அதுவும் இல்லை. திறந்து பார்த்தால் உள்ளே ஓரிரு தட்டுகளும் இரண்டு முதல் நான்கு தலைகளுமே பெரும்பாலும் இருக்கும். பதினாறுக்கு அங்கே இடமேது? வெளிச்சுற்றில் செக்டார்கள் அதிகம், உட்சுற்றில் குறைவு. எல்லாச் சுற்றிலும் 63 என்பதும் கற்பனை. ஆக டிஸ்க் பயாஸிடம் சொன்ன பொய்யை, பயாஸ் இன்னொரு பொய்யாக்கி டாஸிடம் சேர்த்தது. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு கோப்புகூட இடம் மாறிப் போகவில்லை என்பதை உண்மை விரும்பிகள் கவனிக்கவேண்டும்.

திரிக்கத் தெரியாத பயாஸ் உள்ள வீடுகளுக்கு ஆன்ட்ராக் டிஸ்க் மேனேஜர் போன்ற மென்பொருள்கள் வந்தன. இவை டிஸ்க்கின் முதற்செக்டாரில் குடியேறி, இயங்குதளம் விழிப்பதற்கு முன்பே எழுந்து, பயாஸின் இடத்தில் நின்று பொய் சொல்லும். விவரமறியாத உறவுக்காரப் பையன் ஒருவன் ‘வைரஸ் இருக்கு மாமா’ என்று எஃப்டிஸ்க்கைக் கொண்டு முதற்செக்டாரைத் துடைத்தால், பொய்யரோடு டேட்டாவும் கண்ணிலிருந்து மறையும்.

அடுத்த சுவர்கள் பல. நின்று பார்க்கத் தகுந்தவை சில. தலைகள் 256 என்று சொன்னால் டாஸும் விண்டோஸ் 95-உம் அதைப் பூஜ்யம் என்று கேட்டுத் தடுமாறியதால் 255 என்று ஒன்றைக் குறைத்துச் சொல்லும் வழக்கம் நிலைத்தது, 8.4 ஜிபி என்ற எல்லை அதன்மேல் எழுந்தது. சுமார் 33.8 ஜிபியைத் தாண்டிய டிஸ்க்கைக் கண்ட சில பழைய அவார்டு பயாஸ்கள் சிலிண்டர்களை எண்ணி எண் தீர்ந்துபோய் அப்படியே உறைந்தன. அதற்கு டிஸ்க் செய்தவர்கள் தந்த மருந்து ஒரு ஜம்பர்: அதை மாட்டினால் டிஸ்க் தன்னை 32 ஜிபி என்றே சொல்லிக்கொள்ளும். பிறகு வந்த சாட்டா டிஸ்க்குகளிலும் இவ்வழக்கம் தொடர்ந்தது. வியா நிறுவனத்தின் சில பழைய சிப்செட்டுகள் 3 ஜிகாபிட் வேகத்தைக் கேட்டதும் மிரண்டு டிஸ்க்கையே காணாது விட்டதால், வேகத்தை 1.5 என்று அடக்கி வாசிக்க ஒரு ஜம்பர் வைத்தார்கள். நமது ஆய்வில் தன்னடக்கம் தொழில்நுட்பமாகப் பயன்பட்ட இடங்கள் இவ்விரண்டே.

137 ஜிபிச் சுவரில் (28 பிட்) பொய் போதவில்லை. 48 பிட் முகவரி வந்தது. 2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பிக்கு அது தெரியாது, 2002இன் முதல் சர்வீஸ் பேக்குக்குப் பிறகே தெரிந்தது. உண்மையைக் கொண்டு தீர்த்த சிக்கல் என்பதால் இதில் சுவையில்லை, மேலே செல்கிறோம்.

டிஸ்க் இளைத்து வரும் வகை 3 டிபியில்தான் முழு அழகோடு வெளிப்படுகிறது. 1983இல் பிசி டாஸ் 2.0உடன் வந்த பார்ட்டிஷன் அட்டவணையில் அளவை எழுத 32 பிட் இடமே உண்டு. 512 பைட் செக்டார் கணக்கில் அது சுமார் 2.2 டிபியோடு தீர்ந்துவிடும். 2010இல் 3 டிபி டிஸ்க்குகள் கடைக்கு வந்தபோது பழைய கணினிகள் பலவற்றில் அவை 746 ஜிபி என்று தெரிந்தன. வயதுக்கு இரண்டே கட்டமுள்ள படிவத்தில் 103 வயதுப் பாட்டிக்கு ‘03’ என்று எழுதி அரை டிக்கெட் கொடுத்த கதைதான். அதற்கு முன்பே விண்டோஸ் 98-இன் எஃப்டிஸ்க் 64 ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாமல் 80 ஜிபி டிஸ்க்கைச் சுமார் 10 ஜிபி என்று காட்டியிருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாகச் சண்டைக்குப் போகுமுன் வாசகர்கள் இந்தக் கழித்தலை, கணினி எண்ணும் 1024 மடங்குக் கணக்கில், செய்து பார்ப்பது நலம்.

இதற்கு முறையான வழி ஜிபிடி என்னும் புதிய அட்டவணை. ஆனால் 32 பிட் எக்ஸ்பிக்கு அதைப் படிக்கத் தெரியாது. எனவே வெளியே யுஎஸ்பியில் மாட்டும் சில பெட்டிகளைச் செய்தவர்கள் நமது கொள்கைக்கு மிகச் சிறந்த சான்றை அளித்தனர். உள்ளே டிஸ்க் 512 பைட் செக்டார் என்று சொல்ல, பெட்டி அதை எட்டெட்டாகச் சேர்த்து, செக்டாருக்கு 4096 பைட் என்று கணினியிடம் சொல்லும். அட்டவணை பழையதே, எண்ணும் அலகு மட்டும் எட்டு மடங்கு பருத்துவிடுவதால் எக்ஸ்பியின் கை 17 டிபி வரை நீளும். ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பெட்டி பழுதானால், உள்ளிருக்கும் டிஸ்க்கைக் கழற்றி மதர்போர்டில் நேரே மாட்டவேண்டாம். அது உண்மையைச் சொல்லிவிடும். விண்டோஸ் உடனே ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும்.