நடுவுல ஸ்டாப்பிங் இல்ல

மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் பக்கம் விடிந்தால் உளிச்சத்தம்தான். ஒரு மாதமாக எங்கள் தெருவில் இன்னொரு சத்தமும் சேர்ந்திருக்கிறது. கண்டக்டர் சார் பியானோ கற்றுக்கொள்கிறார்.

பியானோ என்பது மரியாதைக்கு. பேத்திக்கு வாங்கிய கீபோர்டு, 61 கட்டை. இரண்டு நாளில் அவளுக்கு அலுத்துவிட்டது, தாத்தா எடுத்துக்கொண்டார். வாங்கிய காசு வீணாகக் கூடாதென்று இப்படிச் சங்கீதத்தில் இறங்குகிற தாத்தாக்கள் இப்போது ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நம்மவர் சர்வீஸில் விசிலைத் தவிர வேறு வாத்தியம் தொட்டதில்லை.

பேத்தி தினசரி காலண்டரிலிருந்து 1 முதல் 7 வரை கத்தரித்து, சோற்றுப் பருக்கையால் வெள்ளைக் கட்டைகளில் ஒட்டிக் கொடுத்தாள். எறும்பு சும்மா இருக்குமா? ஒரு நாள் 6 உரிந்து விழுந்தது. சார் எடுத்துத் தலைகீழாக ஒட்டிவிட்டு, "ஏழுக்கு முன்னால ஒம்போது எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்டார்.

முதல் பாடம், நட்சத்திரம் மின்னுகிற அந்த இங்கிலீஷ் பாப்பாப் பாட்டு. எனக்கே பாடம் எடுத்தார்: "தம்பி, இது ஒண்ணுல கிளம்பினா அஞ்சுலதான் நிக்கும். நடுவுல ஸ்டாப்பிங் இல்ல. ஆறு வரைக்கும் போயிட்டுத் திரும்புறப்பதான் நாலு, மூணு, ரெண்டுன்னு எல்லா இடத்துலயும் ஆள் இறக்கும்." கறுப்புக் கட்டை? "அது டிரைவர் சீட்டு. நாம தொடக் கூடாது."

1742-இல் ரூசோ, இசையை இப்படி எண்களாலேயே எழுதிவிடலாம் என்று பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வாதாடினார். கழகம் மசியவில்லை. கூடவே ஒரு கண்டக்டரை அழைத்துப் போயிருக்க வேண்டும். இதே பாப்பா மெட்டை மொசார்ட் 12 விதமாக மாற்றி எழுதியிருக்கிறார். சார் அந்தப் பன்னிரண்டையும் தாண்டியாயிற்று. எதுவும் அவர் வேண்டுமென்று செய்ததில்லை.

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "சார், இந்த ஏழு கட்டையும் சங்கராபரணம். முத்துசுவாமி தீட்சிதரே வெள்ளைக்காரன் பேண்டு மெட்டுக்கெல்லாம் இந்த ராகத்துல சாகித்தியம் போட்டிருக்கார். நோட்டுஸ்வரம்னு பேரு" என்றேன். மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கே குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் வீட்டம்மா என்னோடு பேசுவதில்லை.

நேற்று சாயங்காலம் முதல் தடவையாகத் தப்பில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எதிர்ப் பட்டறையில் யானைக் கால் கொத்திக்கொண்டிருந்த பையன்கூட உளியை நிறுத்திக் கேட்டான். நாலு நாலு, மூணு மூணு, ரெண்டு ரெண்டு...

அதோடு நின்றது. கடைசி 1 வரவில்லை. எறும்பு வேலை, சார் மேஜைக்கடியில் தாளைத் தேடிக்கொண்டிருந்தார். தெருவே பாதிக் கொட்டாவியில் நிற்பதுபோல் நின்றது. தண்ணீர் பிடிக்க வந்தவள் குடத்தை இடுப்பில் ஏற்றவில்லை.

பட்டறைப் பையன் பொறுத்துப் பார்த்துவிட்டு, உளியைக் கல்லில் வைத்து ஒரே தட்டு தட்டினான்.

டங்.

"ரைட்!" என்றது மேஜைக்கடியிலிருந்து ஒரு குரல்.